ரவுட்டர் மாறிய சேதியை மைனருக்கு யார் சொன்னது?

தென்னாப்பிரிக்காவில் நம் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். பெயரை விட்டுவிடுகிறேன். கடிதத்தின் சுருக்கம் இது:

"தம்பி, எனக்கு வயது 61. போன வருடம் மைத்துனர் மகன் ஓயாமல் கணக்குப் போட்டுப் பிட்காயின் சம்பாதிக்கும் மைனர் ஒன்றை, ஒரு பழைய ஆன்ட்மைனர் எஸ்9 மெஷினை, என் தலையில் கட்டினான். சத்தம் தாங்காமல் அதைப் பின்பக்கக் கராஜில் வைத்து, வீட்டிலிருந்து 40 மீட்டர் கேபிள் இழுத்திருக்கிறேன். ஆறேழு மாதம் ஒழுங்காக ஓடியது. தைப்பூசக் காவடி முடிந்த வாரம் என் மகள் ஃபைபர் கம்பெனியை மாற்றினாள், புது ரவுட்டர் வந்தது. அன்றிலிருந்து மெஷினில் ஃபேன் மட்டும் இரைகிறது, சிவப்பு விளக்கு மினுக்குகிறது, பலர் சேர்ந்து மைனிங் செய்து பங்கு பிரிக்கும் பூலில் என் கணக்குக்கு நேரே பூஜ்யம். ஐபி ரிப்போர்ட் பொத்தானை அமுக்கினால் லேப்டாப்பில் 192.168.1.60 என்று வருகிறது. ஆனால் அந்த எண்ணை பிரவுசரில் போட்டால் பக்கம் திறப்பதில்லை. டிவி, போன் எல்லாம் நன்றாக ஓடுகின்றன. கேபிளையும் மாற்றிப் பார்த்துவிட்டேன். கரண்ட் போய் வந்தால் இன்னும் குழப்பம். ரவுட்டரில் டிஎம்ஜெட் போட்டால் சரியாகிவிடும் என்கிறான் கடைப் பையன். போதாக்குறைக்கு பிட்டாக்ஸ் என்று சின்ன மைனர் ஒன்றும் வாங்கினேன், அது எங்கள் வைஃபையே கண்ணுக்குத் தெரியவில்லை என்கிறது. என்ன செய்யட்டும்?"

அண்ணா, முதலில் அந்த டிஎம்ஜெட், அதாவது வெளியிலிருந்து வருகிறவர்களையெல்லாம் ஒரே மெஷினிடம் நேராக அனுப்பிவிடும் ரவுட்டர் வசதி. ஏற்கெனவே போட்டிருந்தால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் எடுத்துவிட்டு வாருங்கள்.

மைனிங் மெஷின்தான் வெளியே போய் பூலின் கதவைத் தட்டும். பூல் உங்கள் வீட்டுக்கு வந்து எந்தக் கதவையும் தட்டுவதில்லை. அதனால் வெளியிலிருந்து உள்ளே வழி திறந்துவிட வேண்டிய தேவையே இல்லை. அப்படி வழி திறக்கும் போர்ட் ஃபார்வர்டிங்கும் வேண்டாம். டிஎம்ஜெட் போட்டால் உங்கள் மெஷினின் செட்டிங்ஸ் பக்கம் உலகம் பூராவும் பார்க்கும்படி வாசலில் வந்து நிற்கும். அந்த மெஷினுக்குக் கம்பெனி வைத்து அனுப்பும் பயனர் பெயர் ரூட், கடவுச்சொல்லும் ரூட். உங்கள் மைத்துனர் மகன் அதை மாற்றியிருப்பானா? 2018, 2019 வாக்கில் ஹேன்ட் என்ற வைரஸ் சீனாவில் இதே எஸ்9, டி9 மெஷின்களில் புகுந்து, "பிட்காயின் கொடு, இல்லாவிட்டால் ஃபேனை நிறுத்தி மெஷினைக் கருக்கிவிடுவேன்" என்று மிரட்டியது. கடைப் பையன் சொன்னதை நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பான், விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் பிரச்சினை. நீங்கள் மெஷினைக் குற்றவாளியாக நிறுத்தி வைத்திருக்கிறீர்கள், கேபிளை விசாரித்துவிட்டீர்கள். கடிதத்திலேயே பதில் இருக்கிறது: புது ரவுட்டர் வந்த நாளிலிருந்து, 192.168.1.60.

உங்கள் மகளின் போனில் வைஃபை விவரத்தைத் திறந்து அதன் ஐபி முகவரியைப் பாருங்கள். அது 192.168.0 என்றோ 192.168.100 என்றோ தொடங்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். முன்பிருந்த ரவுட்டர் 192.168.1 வரிசையில் முகவரி கொடுத்துக்கொண்டிருந்தது. புதியது வேறு வரிசையில் கொடுக்கிறது. சாட்ஸ்வொர்த்காரருக்கு இதை விளக்குவது சுலபம். முதல் மூன்று எண்களை உங்கள் ஊரின் யூனிட், அதாவது பேட்டை, என்று வைத்துக்கொள்ளுங்கள், கடைசி எண் வீட்டு எண். வீட்டில் எல்லோரும் யூனிட் 3லிருந்து யூனிட் 7க்குக் குடிபோய்விட்டார்கள். மெஷின் மட்டும் பழைய யூனிட்டில் 60ஆம் எண் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அங்கே இல்லாத பழைய ரவுட்டரைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.

போனும் டிவியும் மட்டும் எப்படி மாறின? அவை ஒவ்வொரு முறை இணையும்போதும் "எனக்கு ஒரு முகவரி கொடு" என்று ரவுட்டரிடம் கேட்டு வாங்கிக்கொள்கின்றன. இதற்குத்தான் டிஹெச்சிபி என்று பெயர். உங்கள் மெஷின் கேட்பதில்லை. மைத்துனர் மகன் தன் வசதிக்காக அதில் முகவரியை நிலையாக எழுதி வைத்திருக்கிறான், அதாவது ஸ்டாட்டிக். உங்கள் பழைய ரவுட்டரும் தற்செயலாக அதே வரிசையில் இருந்ததால் ஆறேழு மாதம் யாருக்கும் தெரியவில்லை.

"அப்படியானால் ஐபி ரிப்போர்ட் மட்டும் எப்படி வேலை செய்தது?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. அந்தப் பொத்தான் யாருடைய முகவரியையும் தேடிப் போவதில்லை. மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குத் தண்டோரா போடுவது மாதிரி, கேபிள் போகும் இடமெல்லாம் கேட்கும்படி தன் எண்ணைக் கத்திச் சொல்லிவிடும். எந்த வரிசையில் இருந்தாலும் லேப்டாப் காதில் அது விழும். பதில் பேசப் போனால்தான் வரிசை குறுக்கே நிற்கும். பொத்தானை அமுக்கியதும் எண் வருகிறது, பக்கம் திறக்கவில்லை என்றால் கேபிள் உயிரோடு இருக்கிறது, மெஷினின் நெட்வொர்க் போர்ட் உயிரோடு இருக்கிறது என்று பொருள். கேபிளை மாற்றிய காசு வீண், அண்ணா. இந்த ஒரு சோதனை தெரிந்திருந்தால் அதை மிச்சம் பிடித்திருக்கலாம்.

சரி செய்ய இருபது நிமிடம் போதும். லேப்டாப்பைக் கராஜுக்கு எடுத்துப் போங்கள். அதன் வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு சின்னக் கேபிளால் லேப்டாப்பையும் மெஷினையும் நேரடியாக இணையுங்கள். நடுவில் ரவுட்டர் வேண்டாம். லேப்டாப்பின் ஈதர்நெட் அமைப்பில் ஐபி முகவரியைக் கையால் 192.168.1.10 என்று போடுங்கள், சப்நெட் மாஸ்க் 255.255.255.0. மற்றதைக் காலியாக விடலாம். இப்போது நீங்களும் பழைய யூனிட்டுக்கே போய் மெஷினின் பக்கத்து வீட்டில் உட்கார்ந்துவிட்டீர்கள். பிரவுசரில் 192.168.1.60 என்று அடித்தால் பக்கம் திறக்கும். நெட்வொர்க் என்ற பகுதியில் ஸ்டாட்டிக் என்று இருப்பதை டிஹெச்சிபி என்று மாற்றிச் சேமியுங்கள். பிறகு நீளக் கேபிளைத் திரும்பச் சொருகி, மெஷினை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். லேப்டாப்பிலும் முகவரியைத் தானாகப் பெறும்படி மாற்ற மறக்காதீர்கள். மறந்தால் ராத்திரி மகள் "லேப்டாப்பில் இன்டர்நெட் வரவில்லை" என்று எழுப்புவாள். என் வீட்டில் நடந்திருக்கிறது.

ஐந்து நிமிடம் கழித்து ஐபி ரிப்போர்ட் பொத்தானை மறுபடி அமுக்குங்கள். போனில் பார்த்த அதே வரிசையில் ஒரு எண் வந்தால் மெஷின் குடிபெயர்ந்துவிட்டது.

ரீசெட் பொத்தானை அமுக்கினாலும் டிஹெச்சிபிக்கு வந்துவிடுமே என்று யாராவது சொல்வார்கள். வரும். ஆனால் பூல் விவரம் எல்லாம் அழிந்துபோகும். பழைய மெஷினில் வேறு யாரோ எழுதிய ஃபர்ம்வேர், அதாவது உள்ளிருந்து மெஷினை ஓட்டும் மென்பொருள், ஏறியிருந்தால் அந்தப் பொத்தான் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

மைத்துனர் மகனின் ஆசையில் ஒரு நியாயம் உண்டு. முகவரி நாளுக்கொன்றாக மாறினால் பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு மெஷினில் எழுதக் கூடாது, ரவுட்டரில் எழுத வேண்டும். ரவுட்டர் செட்டிங்ஸில் அட்ரஸ் ரிசர்வேஷன் என்று ஒன்று இருக்கும். மெஷினின் மேக் முகவரியை, அதாவது அதன் நெட்வொர்க் அடையாள எண்ணைக் கொடுத்து "இது வந்தால் எப்போதும் இந்த எண்ணைக் கொடு" என்று சொல்லி வைத்துவிடலாம். அடுத்த முறை ரவுட்டர் மாறினாலும் மெஷின் புதியவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும்.

பக்கம் திறந்த பிறகும் பூலுக்கு நேரே டெட் என்று காட்டினால் அது வேறு கதை. வீட்டுக்குள் வழி சரியாகிவிட்டது, வாசலுக்கு வெளியே யாரோ தடுக்கிறார்கள். புது ரவுட்டரில் குடும்பப் பாதுகாப்பு, பேரண்டல் கன்ட்ரோல், செக்யூரிட்டி என்று ஏதாவது ஓடுகிறதா என்று மகளிடம் கேளுங்கள். இவற்றில் பல, மைனிங் பூல் என்றாலே திருடன் பட்டியலில் வைத்திருக்கும். காரணம் உண்டு. 2017 செப்டம்பரில் காயின்ஹைவ் என்று ஒன்று வந்தது. வலைத்தளம் பார்க்க வருகிறவரின் கம்ப்யூட்டரை அவருக்குத் தெரியாமலே மைனிங்கில் மாட்டிவிட அதைப் பலரும் பயன்படுத்தினார்கள். 2019 மார்ச்சில் அது மூடப்பட்டது. அப்போது போட்ட தடைகள் பல இடங்களில் இன்னும் இருக்கின்றன. போனில் வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் ஹாட்ஸ்பாட் போட்டு, லேப்டாப்பை அதில் இணைத்து, பூலின் வலைத்தளம் திறக்கிறதா என்று பாருங்கள். அங்கே திறந்து வீட்டு வைஃபையில் திறக்காவிட்டால் வடிகட்டிதான் குறுக்கே நிற்கிறது. மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுக்க வழியிருந்தால் கொடுங்கள். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் முழுவதையும் அணைத்துவிட வேண்டாம். வடிகட்டி இல்லையென்றால் பூல் கொடுக்கும் மாற்றுப் போர்ட் எண்ணை முயலுங்கள். வழக்கமான 3333 அடைபட்டிருந்தாலும் 443 பெரும்பாலும் திறந்திருக்கும், பல பூல்கள் இரண்டும் தருகின்றன.

கரண்ட் போய் வரும்போது குழப்பம் என்று எழுதியிருந்தீர்கள். லோட் ஷெடிங் என்ற முறைவைத்த மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது இதே கேள்வி எனக்கு வாரம் ஒன்று வரும். 2024 மார்ச் கடைசியிலிருந்து பத்து மாதம் மின்சாரக் கம்பெனி எஸ்காம் நம்மை நிம்மதியாக விட்டதில் மறந்தே போயிற்று. கரண்ட் வந்ததும் மூன்று பேர் ஒரே நேரத்தில் கண் விழிக்கிறார்கள்: சுவரில் இருக்கும் ஃபைபர் பெட்டி, ரவுட்டர், மெஷின். மெஷின் முந்திக்கொண்டு முகவரி கேட்கும்போது ரவுட்டர் பல் துலக்கிக்கொண்டிருக்கும். சில மெஷின்கள் மறுபடி மறுபடி கேட்கும், சில அலுத்துப்போய் விட்டுவிடும். ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைத்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். ஆனால் ஃபைபர் பெட்டியையும் அதே யூபிஎஸ்ஸில் மாட்ட வேண்டும். ரவுட்டரை மட்டும் மாட்டிவிட்டு "வைஃபை இருக்கிறது, இன்டர்நெட் இல்லை" என்று வருகிறவர்களைக் கணக்கு வைத்திருந்தால் ஒரு பேருந்து நிறைந்திருக்கும். மெஷினுக்கு, ஐந்து நிமிடம் தாமதித்துக் கரண்ட் கொடுக்கும் டைமர் ஒன்று ஹார்டுவேர் கடையில் கிடைக்கும். எஸ்9 1,300 வாட்டுக்கு மேல் ராவும் பகலும் இழுக்கும். டைமர் 16 ஆம்பியர் தாங்குகிறதா என்று எழுத்தைப் படித்து வாங்குங்கள். மல்டிபிளக்கில் மட்டும் மாட்டாதீர்கள்.

அந்த 40 மீட்டர் கேபிள். தூரம் பிரச்சினையில்லை, ஈதர்நெட் 100 மீட்டர் வரை தாங்கும். ஆனால் அது வீட்டுக்கும் கராஜுக்கும் நடுவே திறந்தவெளியில் போகிறதா? டர்பன் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் உண்டு. போர்ட்டின் உலோக நாக்குகள் பச்சை பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடர்பு விட்டுவிட்டு வரும். விலை குறைந்த கேபிள்களில் உள்ளே இருப்பது செம்பு பூசிய அலுமினியம், வளைத்த இடத்தில் அது உடையும். இதெல்லாம் பொறுக்கலாம். கோடை மாலைகளில் இங்கே இடிக்கும் இடி இருக்கிறதே, அதற்குத்தான் நான் பயப்படுகிறேன். என் பழைய வீட்டில் கேட் பக்கம் கேமராவுக்காகச் சுவரோரம் கேபிள் இழுத்திருந்தேன். ஒரு டிசம்பர் மாலை இரண்டு தெரு தள்ளி எங்கேயோ மின்னல் விழுந்தது. கேமரா போனது, ரவுட்டரில் இரண்டு போர்ட் போனது, அதோடு டிவி பெட்டியும் போனது. நேரடியாக விழ வேண்டியதில்லை, நீளமான செம்புக் கம்பி மின்னலை ஆன்டெனா மாதிரி வாங்கிக்கொள்ளும். எனக்குத் தெரிந்து மலிவான வழி, பழைய ஃபைபர் கம்பெனி ரவுட்டரைத் திருப்பிக் கேட்காமல் விட்டிருந்தால் அதைக் கராஜில் வைத்து, கிளையன்ட் அல்லது பிரிட்ஜ் முறையில் வீட்டு வைஃபையைப் பிடிக்கச் செய்து, அங்கிருந்து ஒரு முழம் கேபிளில் மெஷினை மாட்டுவது. எல்லாப் பழைய ரவுட்டரிலும் அந்த வசதி இருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள். வைஃபை வேகம் குறையுமே என்று கவலை வேண்டாம். மைனிங்குக்கு வேகம் தேவையே இல்லை. சின்னச் சின்னச் சீட்டுகள்தான் போய் வருகின்றன. மகள் பார்க்கும் ஒரு சீரியலில் போகும் டேட்டாவை வைத்துக்கொண்டு இது பல நாள் ஓட்டிவிடும். அறுபடாமல் இருந்தால் போதும்.

பிட்டாக்ஸுக்கு வருவோம். அதில் இருக்கும் வைஃபை சிப்புக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5 கிகாஹெர்ட்ஸ் என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது. புது ரவுட்டர்கள் இரண்டையும் ஒரே பெயரில் கலந்து வைப்பதால் இப்படிப்பட்ட சின்னக் கருவிகள் தடுமாறும். ரவுட்டரில் 2.4க்குத் தனிப் பெயர் கொடுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் இருந்தால் டபிள்யூபிஏ2க்கு மாற்றிப் பாருங்கள். பிறகு பிட்டாக்ஸ் தானே கிளப்பும் வைஃபையில் போனை இணைத்து, 192.168.4.1 என்ற பக்கத்தில் அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் போடுங்கள். கெஸ்ட் வைஃபையில் போட்டால் மைனிங் நடக்கும், ஆனால் உங்கள் போனிலிருந்து அதன் பக்கம் திறக்காமல் போகலாம். கெஸ்டில் ஒருவரையொருவர் பார்க்க விடமாட்டார்கள். அடாப்டர் 5 வோல்ட்டா என்றும் ஒருமுறை பாருங்கள். ரவுட்டரின் 12 வோல்ட் முனையும் அதே துளையில் போய்ச் சொருகிக்கொள்ளும், பிறகு அழுது பயனில்லை.

ஐரோப்பாவில் இருக்கும் பூல் தூரமாயிற்றே, அருகில் வேறு தேடட்டுமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இங்கிருந்து ஐரோப்பா போய்த் திரும்ப கால் விநாடிகூட ஆகாது. பிட்காயினில் ஒரு பிளாக், அதாவது பரிசு தரும் ஒரு கணக்குச் சுற்று, முடியச் சராசரி 10 நிமிடம், அதாவது 600 விநாடி. நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. கடலடிக் கேபிள் அறுந்தால் மட்டும் கொஞ்சம் ஆட்டம் காணும். 2024 மார்ச் 14 அன்று ஐவரி கோஸ்ட் கரையோரம் நான்கு கேபிள்கள் ஒன்றாக அறுந்தபோது இங்கே பலருக்கும் பக்கங்கள் இழுத்து இழுத்துத் திறந்தன. அப்படிப்பட்ட நாளில் கராஜுக்கு ஓட வேண்டாம், காத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்று. தமிழில் மைனர் என்றால் அப்பன் சொத்தைக் கரைக்கிறவன் என்று ஒரு பொருள் உண்டல்லவா? உங்கள் எஸ்9 அந்த ஜாதி. நாளுக்குச் சுமார் 32 யூனிட் கரண்ட் குடிக்கும். ஒரு யூனிட் கரண்டுக்கு 3 ராண்ட் என்று வைத்துக்கொண்டால் மாதம் 2,900 ராண்ட். வரவு? 2024 ஏப்ரலில் பிளாக் பரிசு பாதியாகக் குறைந்த பிறகு உலகம் முழுவதற்கும் சேர்த்தே நாளுக்கு ஏறக்குறைய 450 பிட்காயின்தான். உங்கள் மெஷினின் கணக்கு வேகமான 13.5 டெராஹாஷ், 60 கோடி டெராஹாஷுக்கு மேல் ஓடும் கூட்டத்தில் ஒரு துளி. நாளுக்கு 0.00001 பிட்காயின் கிடைத்தால் பெரிது. ஒரு பிட்காயின் 20 லட்சம் ராண்டுக்கு விற்றாலும் அது 20 ராண்ட், மாதத்துக்கு 600. கூரையில் சோலார் இருந்து பகலில் மிஞ்சும் கரண்டை இதற்குக் கொடுத்தால் ஒரு பேச்சு. ப்ரீபெய்ட் மீட்டரில் ஓட்டுகிறீர்கள் என்றால், சரியாக்கிய பிறகு ஒரு மாதம் ஓட்டி ரசீதைப் பாருங்கள். பிட்டாக்ஸ் அப்படியில்லை, 20 வாட்டுக்குள் நிற்கும், லாட்டரிச் சீட்டு வாங்குகிற சுகம் அதில் இருக்கிறது.

கடைசியாக, எஸ்9இன் பக்கம் திறந்ததும் மைனர் கான்ஃபிகரேஷனில் மூன்று பூல் இடங்களையும் பாருங்கள். முதல் பூலுக்கு வழி அடைந்தால் மெஷின் தானாக இரண்டாவதுக்குப் போகும், அதுவும் அடைந்தால் மூன்றாவதுக்கு. பழைய மெஷின் வாங்குகிறவர்கள் முதல் இடத்தில் தங்கள் பெயரைப் போட்டுவிட்டு மற்ற இரண்டையும் அப்படியே விட்டுவிடுவார்கள். பூல் தடுமாறிய நாட்களில் உங்கள் கரண்டில் யாருக்காக வேலை நடந்தது என்று அங்கே எழுதியிருக்கும். அது மைத்துனர் மகன் பெயராக இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போது அவனிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.